கணிப்பு பலித்ததா என்பது பாதிக் கேள்விதான்: கூட்டாக உருவாக்கிய காலநிலைத் தகவல் சேவைகளை மதிப்பிட ஒரு முழுமையான வழிகாட்டி

1884-ஆம் ஆண்டு அமெரிக்க ராணுவத்தின் சமிக்ஞைப் பிரிவில் பணியாற்றிய ஜான் ஃபின்லி, டொர்னேடோ எனப்படும் சுழற்காற்று வருமா, வராதா என்று முன்கூட்டியே சொல்லிப் பார்த்தார். மொத்தம் 2803 கணிப்புகள். அவற்றில் 96.6 விழுக்காடு சரி என்று கணக்குக் காட்டினார். கேட்பவர் வியந்துபோகும் எண் அது. ஆனால் விமர்சகர்கள் விரைவிலேயே ஒன்றைச் சுட்டிக்காட்டினார்கள். வானத்தை ஏறிட்டும் பார்க்காமல், 2803 முறையும் 'வராது' என்று மட்டும் சொல்லியிருந்தால் 98.2 விழுக்காடு சரியாக இருந்திருக்கும்!

விவசாயி, நீர்த்தேக்கப் பொறியாளர் போன்றவர்கள் தீர்மானம் எடுக்க உதவும் முன்னறிவிப்புகளைத் தருவது காலநிலைச் சேவை. அப்படிப்பட்ட எந்தச் சேவையின் மதிப்பீட்டு அறிக்கையைக் கையில் எடுத்தாலும் எனக்கு இந்தக் கணக்குதான் முதலில் நினைவுக்கு வரும். 'எத்தனை முறை பலித்தது' என்ற ஒரே கேள்வி எவ்வளவு தூரம் ஏமாற்றக்கூடியது என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடையாது. அதுவும், ஆய்வாளர்களும் களத்தில் இருப்பவர்களும் சேர்ந்து உட்கார்ந்து உருவாக்கிய சேவை என்றால் கேள்விகள் இன்னும் பெருகுகின்றன. 2009-இல் ஜெனீவாவில் நடந்த மூன்றாவது உலகக் காலநிலை மாநாட்டில் உருவான 'காலநிலைச் சேவைகளுக்கான உலகளாவிய கட்டமைப்பு', பயனர்களோடு தொடர்ந்து உரையாடும் தளத்தைத் தன் ஐந்து தூண்களில் ஒன்றாகவே வைத்தது. அதன் பிறகு, கூட்டாக உருவாக்குவது நல்லது என்பதில் பெரும்பாலோருக்கு மாற்றுக் கருத்து இல்லை. அப்படி உருவாக்கியதால் என்ன விளைந்தது என்று கேட்டால் மட்டும், நடத்திய பயிலரங்குகளின் எண்ணிக்கையும் கலந்துகொண்டவர்களின் பட்டியலும் பதிலாக வந்து நிற்கின்றன.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இத்தகைய மதிப்பீட்டின் நடுவில் இருக்க வேண்டியது தீர்மானம். யார் எடுத்த எந்தத் தீர்மானம் மாறியது, மாறவில்லை என்றால் எது தடுத்தது, அந்தத் தகவலை வடிவமைத்ததில் அவருக்கு என்ன பங்கு இருந்தது? கீழே உள்ள படிகள் எல்லாம் இந்த மூன்று கேள்விகளைச் சுற்றியே அமைந்தவை.

படி 1: எதை அளக்கப்போகிறீர்கள் என்று பிரித்துக்கொள்ளுங்கள்

வானிலையியலாளர் ஆலன் மர்ஃபி 1993-இல் நல்ல முன்னறிவிப்பு என்பதற்கு மூன்று தனித்தனிப் பொருள்களைச் சொன்னார். முன்னறிவிப்பவர் மனத்தில் உண்மையாக நினைப்பதும் அவர் வெளியிடுவதும் ஒத்துப்போவது ஒன்று. வெளியிட்டதும் பிறகு நடந்ததும் ஒத்துப்போவது இரண்டாவது. அதைக் கேட்டு நடந்தவருக்கு நன்மை விளைவது மூன்றாவது. இந்த மூன்றும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வருபவை அல்ல. துல்லியமான முன்னறிவிப்பு யாருக்கும் பயன்படாமல் போகலாம். சுமாரான ஒன்று சரியான நேரத்தில் சரியான கையில் சேர்ந்து பெரும் இழப்பைத் தவிர்க்கலாம்.

கூட்டுச் சேவைக்கு நான்காவது ஒன்றையும் சேர்க்க வேண்டும்: சேர்ந்து வேலை செய்த விதம். மர்ஃபியின் முதல் இரண்டையும் தகவலின் தரம் என்று சேர்த்து, மூன்றாவதைப் பயன்பாடு, விளைவு என்று பிரித்துக்கொண்டால், தகவலின் தரம், கூட்டுப் பணியின் தரம், பயன்பாடு, விளைவு என்று நான்கு. ஒவ்வொன்றுக்கும் தனி முறை, தனிக் கால அளவு. நான்கையும் ஒரே வினாப்பட்டியலில் திணித்து ஒரே மதிப்பெண்ணாகக் கூட்டிவிடாதீர்கள். கூட்டிய எண்ணை வைத்துக்கொண்டு எதைத் திருத்துவது என்று யாராலும் சொல்ல முடியாது.

படி 2: கேள்விகளையே சேர்ந்து முடிவு செய்யுங்கள்

சேவையைக் கூட்டாக உருவாக்கிவிட்டு, மதிப்பீட்டை மட்டும் வெளியிலிருந்து ஒருவர் தனியாக வந்து செய்துவிட்டுப் போவது பெரிய முரண். தரவு திரட்டவும் சரிபார்க்கவும் வெளியாள் வேண்டும், அதை மறுக்கவில்லை. ஆனால் எது வெற்றி என்று வரையறுக்கும் உரிமை, சேவையைப் பயன்படுத்துகிறவர்களிடமும் இருக்க வேண்டும்.

முதல் கூட்டத்தில் ஒவ்வொரு தரப்பிடமும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: "இன்னும் மூன்று பருவங்கள் கழித்து எது நடந்திருந்தால் இந்தச் சேவை தேறிவிட்டது என்று சொல்வீர்கள்?" ஆய்வாளர், முன்னறிவிப்பு எவ்வளவு பலித்தது என்று காட்டும் மதிப்பெண்ணைச் சொல்வார். நீர்த்தேக்கப் பொறியாளர், மதகைத் திறந்ததற்கான காரணத்தை மேலதிகாரியிடம் நியாயப்படுத்தத் தாளில் ஓர் ஆதாரம் இருக்க வேண்டும் என்பார். விவசாயி, மறுவிதைப்பு இல்லாத ஒரு பருவம் என்பார். நிதி தருபவர் எத்தனை பேரைச் சென்றடைந்தது என்று கேட்பார். நான்கையும் எழுதி வையுங்கள். முரண்படும் இடங்களை மழுப்ப வேண்டாம். மதிப்பீடு தெளிவுபடுத்த வேண்டியது அந்த இடங்களைத்தான்.

இன்னொன்றையும் இந்தக் கூட்டத்திலேயே பேசித் தீர்த்துவிடுங்கள். இந்த மதிப்பீடு கற்றுக்கொள்வதற்கா, கணக்கு ஒப்பிப்பதற்கா? அடுத்த ஆண்டு நிதி இதைப் பொறுத்தது என்று தெரிந்தால் யாரும் குறையைச் சொல்லமாட்டார்கள். இரண்டும் தேவை என்றால் இரண்டையும் தனித்தனியாக நடத்துங்கள்.

படி 3: தீர்மானத்திலிருந்து பின்னோக்கி நடங்கள்

மதிப்பீட்டாளர்கள் வழக்கமாக வரையும் மாற்றப் பாதை தகவலில் தொடங்கும்: முன்னறிவிப்பு, பரப்பல், புரிதல், செயல், நன்மை. அழகாக இருக்கும், உண்மையில் எங்கே அறுபடும் என்பது மட்டும் தெரியாது. அதைத் தலைகீழாக்குங்கள். முதலில் ஒரு தீர்மானத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எந்தத் தேதிக்குள் எடுக்க வேண்டும், யார் எடுக்கிறார், அவர் கையில் எத்தனை மாற்று வழிகள் இருக்கின்றன, தவறினால் என்ன இழப்பு?

இப்படி ஒரு தீர்மான நாட்காட்டி தயாரானதும் சில உண்மைகள் தாமாகவே வெளிவரும். விதை வாங்கி முடித்த இரண்டு வாரம் கழித்து வெளியாகும் பருவ முன்னறிவிப்பு எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் விதைத் தேர்வை மாற்றாது. அந்த ஆண்டில் பயன்பாடு குறைவு என்று அறிக்கையில் எழுதிவிட்டு, பயனர்களுக்கு விழிப்புணர்வு போதாது என்று முடிப்பது அநியாயம். தாமதம் சேவையினுடையது.

பாதையின் ஒவ்வொரு கண்ணியிலும் நீங்கள் நம்பிக்கொண்டிருப்பது என்ன என்பதையும் பக்கத்தில் குறித்து வையுங்கள். 'குறுகிய காலப் பயிரின் விதை கிடைக்கும்', 'கடன் நேரத்தில் வரும்', 'மதகைத் திறக்கும் அதிகாரம் இவருக்கு இருக்கிறது' என்பன போன்றவை. பல காலநிலைச் சேவைகள் இந்த நம்பிக்கைகளில் ஏதாவது ஒன்று பொய்த்துத்தான் தோற்கின்றன.

படி 4: தொடக்க நிலையைப் பதிவு செய்யுங்கள்

சேவை தொடங்கும் முன் மக்கள் எதை நம்பித் தீர்மானித்தார்கள்? வானொலி, மூத்தவர்களின் அனுபவம், காற்றின் திசை, பூச்சிகளின் நடமாட்டம், சென்ற ஆண்டின் நினைவு என்று எல்லோரிடமும் ஏற்கெனவே ஏதோ ஒரு முன்னறிவிப்பு இருக்கிறது. உங்கள் சேவை வெற்றிடத்துக்குள் வருவதில்லை. அதோடு போட்டியிடவோ கைகோக்கவோ வருகிறது. ஆகவே ஒப்பிட வேண்டியது 'தகவல் இல்லாத நிலை'யோடு அல்ல, 'அவரவரிடம் முன்பே இருந்த தகவலோடு'. தொடக்க நிலையைத் தவறவிட்டவர்கள் பிறகு நினைவைக் கிளறிக் கேட்கலாம்தான். ஆனால் நடந்து முடிந்த பருவம் நினைவை வளைத்துவிடும். முடிந்தவரை முன்பே செய்துவிடுங்கள்.

படி 5: தகவலின் தரத்தைச் சோதியுங்கள்

இப்போது ஃபின்லியின் கணக்கைப் பிரித்துப் பார்ப்போம். 'வரும்' என்று அவர் சொன்னது 100 முறை. அதில் வந்தது 28, வராதது 72. 'வராது' என்று சொன்னது 2703 முறை. அதில் வராதது 2680, சொல்லாமலே வந்தது 23. ஆக உண்மையில் நிகழ்ந்த 51-இல் 28-ஐப் பிடித்திருக்கிறார்; நான்கு எச்சரிக்கைகளில் ஏறத்தாழ மூன்று பொய். 96.6 என்ற எண்ணுக்குள் இவை எதுவும் தெரியவில்லை. ஆனால் இன்னொரு பக்கத்தையும் பாருங்கள்: எப்போதும் 'வராது' என்பவர் 98.2 வாங்கினாலும் ஒரு உயிரைக்கூடக் காக்கமாட்டார். ஃபின்லி 28 முறை முன்கூட்டிச் சொன்னார். அரிய நிகழ்வுகளில் இந்த நான்கு கட்ட அட்டவணையை வெளியிடாத எந்தச் சரிபார்ப்பையும் ஏற்காதீர்கள்.

பருவகால முன்னறிவிப்புகள் பெரும்பாலும் நிகழ்தகவாக வருகின்றன: மழை இயல்பைவிடக் குறைய 50 விழுக்காடு வாய்ப்பு, இயல்பை ஒட்டி 30, இயல்பைவிடக் கூட 20 என்பது போல. ஒரே பருவத்தை வைத்து இது சரியா, தவறா என்று சொல்லவே முடியாது. 50 விழுக்காடு என்று சொன்ன இருபது தருணங்களைச் சேர்த்துப் பார்த்தால் ஏறத்தாழ பத்தில் அது நடந்திருக்க வேண்டும், அதுதான் சோதனை. ஆண்டுக்கு ஒரு முன்னறிவிப்பு என்றால் ஐந்தாண்டுத் திட்டத்தில் ஐந்தே தரவுப் புள்ளிகள்தான் கிடைக்கும். அதனால் கடந்த சில பத்தாண்டுகளுக்கு அதே கணினி மாதிரியை ஓட்டிப் பெறும் பின்னோக்கிய கணிப்புகளைத் துணைக்குக் கொள்ளுங்கள். சொன்ன நிகழ்தகவுக்கும் நடந்ததற்கும் உள்ள இடைவெளியை அளக்கும் பிரையர் மதிப்பெண் போன்ற அளவைப் பயன்படுத்தும்போது, வெறும் நீண்டகாலச் சராசரியைச் சொல்லியிருந்தால் என்ன மதிப்பெண் வந்திருக்கும் என்பதையும் பக்கத்தில் போடுங்கள்.

கூட்டுச் சேவைக்கே உரிய ஒரு சிக்கல் இங்கே இருக்கிறது. 1997-இல் ஆப்பிரிக்காவின் தென்பகுதி நாடுகளில் தொடங்கிய வட்டாரக் காலநிலை முன்னோக்கு அரங்குகளில், பல நாட்டு நிபுணர்கள் கூடிப் பேசி ஒருமித்த முன்னறிவிப்பை வெளியிட்டார்கள். அவற்றைப் பிற்பாடு சரிபார்த்தபோது, 'இயல்பை ஒட்டி' என்ற நடுக்கட்டத்துக்கு அளவுக்கு மேல் நிகழ்தகவு தரப்பட்டிருப்பது தெரிந்தது. எல்லோரும் ஒத்துக்கொள்ளும் இடம் நடுவில்தான் இருக்கும். தவறினால் குறைந்த பழி வருவதும் அங்கேதான். மர்ஃபி சொன்ன முதல் பொருள் இங்கே வந்து நிற்கிறது: மனத்தில் நினைத்ததை அவர்கள் வெளியிட்டார்களா? கூட்டுப் பணி நம்பிக்கையை வளர்க்கும்போதே தகவலின் கூர்மையை மழுக்கிவிடவும் கூடும். உங்கள் சேவையில் அது நடக்கிறதா என்று பார்க்க, கலந்துரையாடலுக்கு முந்தைய கணிப்பையும் பிந்தைய கணிப்பையும் சேமித்து வைத்து, இரண்டையும் தனித்தனியாகச் சரிபாருங்கள். செலவில்லாத வேலை; செய்பவர்கள்தான் மிகக் குறைவு.

புரிதலையும் இதே படியில் சோதிக்க வேண்டும். 'இயல்பு மழை' என்றால் ஆய்வாளருக்கு 1991 முதல் 2020 வரையிலான முப்பதாண்டுப் பதிவோடு ஒப்பிட்ட அளவு. பயிர் செய்பவருக்கு, பயிருக்குப் போதுமான மழை. வறண்ட பகுதியில் இந்த இரண்டுக்கும் இடையே ஒரு முழு அறுவடையே காணாமல் போகும். 'குறைய 50 விழுக்காடு' என்பதைச் சிலர் பாதி மழைதான் பெய்யும் என்று எடுத்துக்கொள்வார்கள். "புரிந்ததா?" என்று கேட்டால் எல்லோரும் புரிந்தது என்பார்கள். அதற்குப் பதில், அறிக்கையைக் கையில் கொடுத்து, இதை வாசிக்காத பக்கத்து வீட்டுக்காரருக்கு எப்படிச் சொல்வீர்கள் என்று கேளுங்கள். அவர் சொல்வதைச் சொல் மாறாமல் எழுதிக்கொள்ளுங்கள்.

படி 6: சேர்ந்து வேலை செய்த விதத்தை அளவிடுங்கள்

டேவிட் கேஷும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2003-இல் முன்வைத்த மூன்று அளவுகோல்கள் இன்றும் கைகொடுக்கின்றன. தகவல் என் தேவைக்குப் பொருந்துகிறதா, அதன் அறிவியல் நம்பத்தக்கதா, அது உருவான விதம் நியாயமானதா? பலரும் முதல் இரண்டோடு நிறுத்திவிடுகிறார்கள். மூன்றாவதுதான் கூட்டுப் பணியின் உயிர்.

அதை அளக்க எனக்குப் பிடித்த முறை ஆவணத் தடயம். தகவல் அறிக்கையின் முதல் வரைவையும் இறுதி வடிவத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மாறிய ஒவ்வொரு வரிக்கும் 'இது யார் கேட்டு மாறியது' என்று எழுதுங்கள். முதல் வரைவில் 'பருவத்தின் மொத்த மழை' என்று இருந்த இடத்தில் இறுதியில் 'விதைத்த முதல் 30 நாட்களில் 10 நாட்களுக்கு மேல் மழையில்லா இடைவெளி வருவதற்கான வாய்ப்பு' என்று இருந்தால், அங்கே களத்திலிருந்து ஒரு குரல் உள்ளே நுழைந்திருக்கிறது என்று பொருள். பத்துக் கூட்டங்களுக்குப் பிறகும் மாறியவை வண்ணமும் எழுத்துருவும் மட்டும் என்றால், நடந்தது கலந்தாலோசனை; கூட்டு உருவாக்கம் அன்று. சில கோரிக்கைகளை அறிவியலால் நிறைவேற்ற முடியாது. அப்போது "இதை எங்களால் சொல்ல முடியாது, காரணம் இது" என்று வெளிப்படையாகச் சொன்ன பதிவு இருக்கிறதா என்று பாருங்கள். அந்த நேர்மையும் தரத்தின் ஓர் அளவுதான்.

கூடவே கவனிக்க வேண்டியவை: கூட்டம் எந்த மொழியில் நடந்தது, பேசிய நேரம் யாருக்கு எவ்வளவு, நிகழ்ச்சி நிரலை எழுதியது யார், ஆய்வாளருக்குச் சம்பளம் கிடைத்த அதே நாளில் களத்திலிருந்து வந்தவருக்கு வேலை இழப்பு ஈடுகட்டப்பட்டதா, வராமல் நின்றுபோனவர்கள் யார்? கடைசியில் சொன்னவர்களைத் தேடிப்போய்ப் பேசுங்கள். தொடர்ந்து வருபவர்களை மட்டும் கேட்டு எழுதும் மதிப்பீடு எப்போதும் இனிப்பாகவே இருக்கும்.

படி 7: பயன்பாட்டைத் தேடுங்கள்

நேர்காணலில் முன்னறிவிப்பு என்ற சொல்லை முதலில் எடுக்காதீர்கள். "இந்தப் பருவத்தில் என்னென்ன தீர்மானித்தீர்கள், ஏன்?" என்று தொடங்குங்கள். முன்னறிவிப்பு தானாகவே பேச்சில் வருகிறதா என்று காத்திருங்கள். சேவையை நடத்துகிறவரே போய் "எங்கள் தகவல் பயன்பட்டதா?" என்று கேட்டால், வீட்டுக்கு வந்தவர் மனம் நோகக்கூடாது என்று ஆம் என்றுதான் சொல்வார்கள். கேட்பவர் வேறு ஆளாக இருக்கட்டும். பருவம் முழுவதும் வாரம் ஒருமுறை இரண்டு வரி எழுதும் தீர்மான நாட்குறிப்பு, பருவ முடிவில் நடத்தும் பெரிய கணக்கெடுப்பைவிட அதிகம் சொல்லும்.

பயன்பாடு பல வகை. நேரடியாக ஒரு செயலை மாற்றுவது ஒன்று. சிந்திக்கும் முறையை மெல்ல மாற்றுவது இன்னொன்று: ஒரே எண்ணில் திட்டமிட்டுக்கொண்டிருந்த அலுவலகம் மூன்று சூழல்களுக்குத் திட்டமிடத் தொடங்குவது போல. ஏற்கெனவே எடுத்த முடிவுக்கு முட்டுக்கொடுக்கத் தகவலைக் காட்டுவதும் உண்டு. மூன்றாவதைப் பயன்பாட்டுக் கணக்கில் சேர்த்துவிடாமல் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 8: மதிப்பைக் கணக்கிடும்போது அவசரம் வேண்டாம்

ஒரு சின்னக் கணக்கு. வெள்ளத்துக்கு முன் பொருள்களை மேட்டுக்கு மாற்ற ஒருவருக்கு 20 அலகு செலவு. மாற்றாமல் வெள்ளம் வந்தால் 100 அலகு இழப்பு. வாய்ப்பு 20 விழுக்காட்டைத் தாண்டினாலே அவர் மாற்றிவிடுவது நல்லது. இன்னொருவருக்கு இழப்பு அதே 100, மாற்றும் செலவு 60. அவர் 60 விழுக்காடு வரை காத்திருப்பதுதான் அறிவுடைமை. முன்னறிவிப்பு 40 என்று வந்தால் ஒருவர் செயல்படுவார், மற்றவர் சும்மா இருப்பார். இருவருமே தகவலைச் சரியாகப் பயன்படுத்தியவர்கள். அதனால், 'முன்னறிவிப்பைக் கேட்டுச் செயல்பட்டோர் விழுக்காடு' என்ற அளவை வெற்றியின் அடையாளமாக வைக்காதீர்கள்.

சேவை பெற்ற ஊர், பெறாத ஊர் என்று ஒப்பிடும் முறைக்கும் எல்லை உண்டு. தகவல் வானொலியிலும் பேச்சிலும் எல்லை தாண்டிப் போய்விடும். அதோடு, ஒரே பருவத்தின் மழை எல்லாக் கணக்கையும் ஆட்டிவைக்கும். நல்ல மழை ஆண்டில் எந்தச் சேவையும் வெற்றிதான். இத்தகைய இடங்களில் மதிப்பீட்டு ஆய்வாளர் ஜான் மேய்ன் வகுத்த பங்களிப்புப் பகுப்பாய்வு பொருந்தும். படி 3-இல் வரைந்த பாதையின் ஒவ்வொரு கண்ணிக்கும் சான்று இருக்கிறதா என்று பார்த்து, அதே மாற்றத்தை உண்டாக்கியிருக்கக்கூடிய வேறு காரணங்களை ஒவ்வொன்றாக எடைபோட்டு, எஞ்சுவதை அடக்கமாகச் சொல்வது அது. குறைந்தது ஒரு மோசமான பருவத்தையாவது பார்க்காமல் விளைவைப் பற்றிய தீர்ப்பை எழுதாதீர்கள்.

படி 9: யாருக்குத் தீங்கு நேர்ந்தது என்று கேளுங்கள்

1997-98 எல் நினோவின்போது, அதாவது பசிபிக் கடலின் மேற்பரப்பு வழக்கத்தைவிடச் சூடாகியிருந்தபோது, ஜிம்பாப்வேயில் கடும் வறட்சி வரும் என்ற எதிர்பார்ப்பு பரவியது. வங்கிகள் விவசாயக் கடனை இறுக்கின. பலர் சாகுபடிப் பரப்பைக் குறைத்தார்கள். அஞ்சிய அளவுக்கு வறட்சி வரவில்லை. முன்னறிவிப்பை வங்கி 'பயன்படுத்தியது' என்பது உண்மை. அதன் சுமை, கடன் கிடைக்காத சிறு விவசாயி மேல் விழுந்தது என்பதும் உண்மை. பயன்பாட்டை மட்டும் எண்ணும் மதிப்பீட்டில் முதல் உண்மை மட்டுமே பதிவாகும்.

ஆகவே, விடைகளை ஆண், பெண், நிலம் உள்ளவர், குத்தகைக்காரர், கைபேசி உள்ளவர், இல்லாதவர் என்று பிரித்துப் பாருங்கள். சேவையின் பயனர் பட்டியலில் இல்லாத, ஆனால் மற்றவர் எடுத்த தீர்மானத்தால் பாதிக்கப்பட்ட ஒரு தரப்பையாவது தேடிப்பிடித்துப் பேசுங்கள்.

படி 10: கண்டதைத் திருப்பிக் கொடுங்கள்

மதிப்பீட்டு அறிக்கை அடுத்த பருவத்தின் முன்னறிவிப்பு வெளியாவதற்கு முன்பே எல்லாத் தரப்பின் கையிலும் இருக்க வேண்டும். தாமதமான முன்னறிவிப்பைக் குறை சொல்லிவிட்டுத் தாமதமான மதிப்பீட்டைக் கொடுப்பது தகாது. நூறு பக்க அறிக்கை பிறகு வரட்டும். முதலில் இரண்டு பக்கம், கூட்டம் நடந்த அதே மொழியில். விடை சொன்னவர்களை உட்காரவைத்து வாசித்துக் காட்டுங்கள். "நீங்கள் சொன்னதை இப்படிப் புரிந்துகொண்டிருக்கிறோம், சரியா?" என்று கேளுங்கள். அவர்கள் மறுக்கும் இடங்களை அழித்துவிடாமல், மறுப்போடு சேர்த்தே பதிவு செய்யுங்கள்.

அந்தக் கூட்டம் முடிவதற்குள் மூன்று வரிகள் எழுதப்பட்டிருக்க வேண்டும்: அடுத்த பருவத்தில் சேவையில் மாறப்போவது என்ன, அதை மாற்றப்போகிறவர் யார், எந்தத் தேதிக்குள்? அந்தத் தாளைப் பத்திரமாக வைத்திருங்கள். அடுத்த மதிப்பீட்டில் படி 6-க்கு வரும்போது நீங்கள் தேடப்போகும் முதல் ஆவணத் தடயம் அதுதான்.